பெயிண்டரின் இடது ஷூ

பம்பரத்துக்கு நாய் என்றாலே பயம். திருடனைத் துரத்தச் சொன்னால் துரத்துவான். கத்தியை நீட்டினால், "நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று விலை விசாரிப்பான். ஆனால் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே வந்தால் போதும், மனுஷன் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை இப்படி நிற்கலாமா என்றால் நிற்கலாம், கடிபட்டவனுக்குத்தான் தெரியும்.

மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அங்கே அலுத்துப்போய்த் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது, ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்காத இவனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். பம்பரம் என்ற பெயரும் அவள் வைத்ததுதான்.

அன்றைக்கு அவர்கள் நின்றது ஒரு செத்துப்போனவரின் அறையில். கட்டில், அலமாரி, மேஜை மேல் பிரித்துப் போட்ட ஒரு கைக்கடிகாரம். கடிகாரக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில், பின்முற்றத்துக்குத் திறக்கிற கதவோரமாக, கறுப்பும் பழுப்பும் கலந்த ஒரு நாட்டு நாய். அது தரையை முகர்ந்தது, அதே இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு பம்பரத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா மேடம்? எனக்கு மரியாதையே இல்ல. முதுகைக் காட்டுது."

"முதுகைக் காட்டினா உன்னை நம்புதுன்னு அர்த்தம். முறைச்சுப் பாத்தாத்தான் நீ கவலைப்படணும்."

"என்னை நம்பறதுக்கு உலகத்துல ஒரு ஜீவன் கெடச்சுது, அதுக்கும் இத்தனை பல்லா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற வீடும் இல்லை அது. கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த பெண்ணின் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. கடிகாரக்காரரின் மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. தினமும் வேலை முடிந்து தன் வீட்டுக்குப் போகிற வழியில் இங்கே இறங்கி, அப்பாவுக்குச் சர்க்கரை ஊசி போட்டுவிட்டுப் போவாள்.

"அன்னைக்கும் போட்டேன் மேடம். காலையில அம்மா எழுப்பப் போனா, உடம்பு சில்லிட்டுக் கெடக்கு. தூக்கத்துலயே சுகர் அடியோட எறங்கிடுச்சு, வயசானவங்களுக்கு இப்படி ஆகறது உண்டுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டார். அண்ணன்தான் என்னைத் தனியாக் கூப்பிட்டு..." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "'ஊசியில கோட்டைத் தப்பாப் பாத்து மருந்தை அதிகமா ஏத்திட்டே பாப்பா. போனது போயிடுச்சு, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்'னார். நாள் பூரா லென்ஸுல மயிரிழைக் கீறலைத் தேடற கண்ணு மேடம் இது. ஊசியில கோடு தெரியாமப் போயிடுமா? ஆனா அன்னைக்கு அசதியா இருந்தேன். என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியலை."

"அண்ணன் என்ன வேலை?"

"வீடு வாங்கி விக்கற புரோக்கர். இந்த வீட்டையும் விக்கணும்னு அப்பாவை நச்சரிச்சிட்டே இருந்தார். அப்பா சம்மதிக்கலை. இப்ப என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றார். போடலாம்னுதான் இருக்கேன். அவர் எனக்காக இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்கும்போது, நான் என்ன முகத்தை வச்சுக்கிட்டு மாட்டேன்னு சொல்றது?"

மேடம் பம்பரத்தைப் பார்த்தாள். பம்பரம் அலமாரியைப் பார்த்துக்கொண்டான்.

"அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

அந்தப் பெண் ஒரு பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஆண்கள் போடுகிற இடது கால் ஷூ. வெள்ளையும் பச்சையுமாகப் பெயிண்ட் தெறித்திருந்தது.

"அன்னைக்குக் காலையில இந்தப் பின்கதவுப் படியில கெடந்துச்சு. எங்க வீட்டு ஷூ இல்ல. யாரோ உள்ள வந்திருக்காங்க மேடம். வந்திருக்கணும். இல்லைன்னா..." கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் அப்பாவைக் கொன்னேனா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி."

ஒற்றை ஷூவை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று பம்பரத்துக்குப் பாவமாக இருந்தது. ஷூவை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"டர்பன்டைன். பக்கத்துல பெயிண்டர் யாராவது இருக்காங்களா?"

"அடுத்த வீடே பெயிண்டர்தான்."

"கேஸ் முடிஞ்சுது மேடம். கால் அளவு எடுத்துட்டா விலங்கு மாட்டிடலாம்."

"கொலை பண்ண வந்தவன் ஒத்தை ஷூவைக் கழட்டி வச்சுட்டு, நொண்டி அடிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போனானாக்கும்?" என்றாள் மேடம். "வா, கேட்டுடுவோம்."

பெயிண்டர் தன் வீட்டு முற்றத்தில் டப்பாவில் பிரஷ்களை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரச் சுவர். ஷூவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, கெடச்சிடுச்சா! அந்தத் திருட்டு வக்கீல்கிட்டேர்ந்து எப்படிங்க வாங்கினீங்க?"

"வக்கீலா?" பம்பரம் உஷாரானான்.

"நாய்ங்க. பெரியவர் வச்ச பேரு. ஒண்ணைச் சொல்ல வந்துச்சுன்னா, நாம கேக்கற வரைக்கும் விடாதாம், அதனால வக்கீல். பெரியவர் போறதுக்கு முந்தின சாயங்காலம் நான் வேலையிலேர்ந்து வந்து ஷூவைக் கழட்டறேன், சுவர் மேல ஏறிக் குதிச்சு வந்துச்சு. கவ்விச்சு, ஓடிச்சு. தொண்டை கிழியக் கத்தினேன், திரும்பிக்கூடப் பாக்கல. நாய்க்கும் எனக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா சொல்லுங்க?"

பம்பரம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் பின்னாலேயே வந்திருந்த கடிகாரக்காரரின் மகள் சுவரோரமாகக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப யாரும் வரல," என்றாள். "வெளியாள் யாருமே வரல. நான்தான்."

பெயிண்டர் ஒன்றும் புரியாமல் விழித்தார். மேடம் அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தாள். ஆனால் கேள்வி கேட்டது பெயிண்டரிடம்தான்.

"இதுக்கு முன்னாடி உங்க ஷூவைத் தூக்கியிருக்கா?"

"ஒரு நாளும் இல்லைங்க. அவங்க வீட்டு ஷூவைத்தான் தூக்கும். அது ஒரு பைத்தியக்காரப் பழக்கம். நாய்ங்களுக்கே ஆளுக்கொரு கிறுக்கு உண்டு. எங்க பழைய முதலாளி வீட்டு நாய் கண்ணாடியைப் பாத்தாக் குலைக்கும். இன்னொண்ணு காலியான கிண்ணத்தையும் மண்ணைத் தள்ளி மூடப் பாக்கும். இதுக்கு ஷூ. பெரியவர் சாயங்காலம் இந்தச் சுவர் மேல உக்காந்து என்கூடப் பேசிட்டிருப்பார். பேசிட்டிருக்கும்போதே சில நாள் நாக்குக் குழறும், கை நடுங்கும், வேர்த்து ஊத்தும். அதுக்குக் கொஞ்சம் முந்தியே இது உள்ள ஓடி ஒரு ஷூவைக் கொண்டாந்து அவர் மடியில போட்டுடும். உடனே சட்டைப் பையிலேர்ந்து மிட்டாயை எடுப்பார். நாய்க்குத்தான் லஞ்சம்னு பாத்தா, தானே வாயில போட்டுக்குவார். 'வக்கீல் சொல்லியாச்சு, அப்புறம் அப்பீலே கெடையாது'ம்பார்."

"சுகர் எறங்கப் போறதை இது மோந்தே கண்டுபிடிச்சிடுமா!" என்றான் பம்பரம்.

"உங்களுக்கு இது தெரியாதா?" மேடம் மகளிடம் கேட்டாள்.

"ஷூவைக் கொண்டு வந்தா வாக்கிங் கூப்பிடுதுன்னு நெனச்சிருந்தேன். நான் வந்து ஊசியைப் போட்டுட்டு உடனே ஓடிடுவேன். அப்பாவுக்கு வேற மறதி வந்துடுச்சு, சொன்னதையே சொல்லுவார், சொல்ல வேண்டியதை விட்டுடுவார்."

"ஷூவைத் தூக்கிட்டுப் போனப்புறம் என்ன ஆச்சு?"

பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அந்தப் பின்கதவுகிட்ட நின்னு குலைச்சுதுங்க. விடாமக் குலைச்சுது. கதவு சாத்தியிருந்துச்சு. 'சனியனே, சும்மா கெட'ன்னு நான் ஒரு கல்லை எடுத்து வீசினேன்." அவர் கண் கலங்கியது. "எழுந்து போய் ஒரு எட்டுப் பாத்திருக்கலாம். பாக்கலையே."

திரும்பி நடக்கும்போது அந்தப் பெண் பின்தங்கி வந்தாள். நடையில் உயிரே இல்லை.

"அவசரப்பட்டு உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்காதீங்க," என்றாள் மேடம். "ஒரு கேள்வி பாக்கி இருக்கு. வீடு நெறைய ஷூ இருக்கும்போது இது ஏன் சுவர் தாண்டிப் போய்த் திருடணும்?"

"இக்கரைக்கு அக்கரைப் பச்சை," என்றான் பம்பரம். "அந்த ஷூவுல நெஜமாவே பச்சை இருந்துச்சே."

"உளறாதே. முன்வாசலைக் காட்டுங்க."

முன்வாசலில் மூன்று தட்டு ஷூ ஸ்டாண்ட் இருந்தது. ஷூ ஒன்றுகூட இல்லை. மேல் தட்டில் மூடி போட்ட ஒரு கண்ணாடி டப்பா மட்டும் இருந்தது. பம்பரம் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"சர்க்கரை! ஸ்பூன் வேற இருக்கு. ஷூவுக்கு டீ போடுவாங்களோ?"

மேடம் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டாள். "ஷூ எல்லாம் எங்க?"

"அதோ, பரண் மேல. நாய் கடிச்சுக் குதறுதுன்னு அண்ணன் ஏத்தி வச்சார்."

"எப்ப?"

அவள் யோசித்தாள். "அன்னைக்குத்தான். நான் ஊசி போட வந்தப்பவே ஸ்டாண்ட் காலியா இருந்துச்சு. அண்ணன் முன்னாடியே வந்திருந்தார்."

பம்பரம் ஸ்டூல் போட்டு ஏறினான். பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினான். தோல் ஷூ, கான்வாஸ் ஷூ, வீட்டுச் செருப்பு, மழைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ். மேடம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"கீறல் தேடறது உங்க தொழில். நீங்களே பாருங்க."

அவள் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வேலை என்று வந்ததும் அவள் விரல்களுக்குத் தெம்பு வந்தது. ஓரத்தைத் தடவினாள், ஷூவின் நாக்கைத் தூக்கினாள், வாரை நெருடினாள்.

"பல் படவே இல்ல மேடம். ஒண்ணுல கூட இல்ல."

"எங்க மாமனார் வீட்டுப் பூனையே இதைவிட நல்லாக் கடிக்கும்," என்றான் பம்பரம்.

அதற்குள் வக்கீல் வந்துவிட்டது. பம்பரம் ஸ்டூலின் மேலேயே நின்றுகொண்டான். நாய் அவனைச் சட்டை செய்யவில்லை. குவியலுக்குள் மூக்கை விட்டுத் தேடி, தேய்ந்துபோன ஒரு தோல் ஷூவை எடுத்தது. முட்டையைத் தூக்குகிற மாதிரி அத்தனை பதமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது. மூவரும் பின்னால் போனார்கள். காலியாகக் கிடந்த கட்டிலின் மேல், தலையணைப் பக்கமாக ஷூவை வைத்தது. வைத்துவிட்டு, யாராவது எழுந்திருப்பார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அழுகைச் சத்தத்துக்குச் சமையலறையிலிருந்து அம்மாவும் வந்தாள், ஒடிசலான, அதிகம் பேசாத மனுஷி. அவளுக்குப் பின்னாலேயே அண்ணன். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு ஃபைல்.

"என்ன பாப்பா, இவங்கள்லாம் யாரு? கையெழுத்துக்கு வரச் சொன்னா நீ கூட்டம் சேத்து வச்சிருக்கே?"

மேடம் யாரென்று சொன்னாள். அவன் சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

"துப்பறியறதுக்கு இங்க என்ன இருக்கு? என் தங்கச்சிக்கு மனசு சரியில்ல. அவ பண்ணின தப்பை..."

"ஷூவை எல்லாம் பரண்ல ஏத்தினது நீங்கதானே?"

"ஆமா. நாய் கடிச்சு நாசம் பண்ணுது."

மேடம் ஒரு ஷூவை அவன் கையில் வைத்தாள். "எங்க கடிச்சிருக்குன்னு காட்டுங்க."

அவன் திருப்பினான், கவிழ்த்தான், இன்னொன்றை எடுத்தான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"எனக்கென்ன தெரியும்? அம்மா சொன்னாங்க, ஏத்தினேன்."

"ஆமாங்க," என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி. "நான்தான் சொன்னேன். கடிக்கும்னு பயந்து சொன்னேன்."

போச்சு, எண்ணெய் தடவின விலாங்கு மாதிரி நழுவிவிட்டானே என்று பம்பரம் பல்லைக் கடித்தான். பெற்ற தாயே சாட்சி சொன்ன பிறகு என்ன செய்வது? மேடம் அசையவில்லை. சர்க்கரை டப்பாவை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"இதை ஷூ ஸ்டாண்ட் மேல வச்சது யாரும்மா?"

அம்மா டப்பாவைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்கதான் வச்சீங்க. நாய் வந்து ஷூவைக் கவ்வும். நீங்க ஓடி வந்து அதே எடத்துலேர்ந்து டப்பாவை எடுப்பீங்க. எத்தனை தடவை அவர் உசுரை ரெண்டு பேருமாச் சேந்து காப்பாத்தியிருப்பீங்க! அப்படிப்பட்ட நீங்களா ஷூவை எல்லாம் பரண்ல போடச் சொல்லுவீங்க? வாசல்ல ஆபத்துக்கு அடிக்கற மணியை நீங்களே கழட்டி வைக்கச் சொன்ன மாதிரி இல்ல இருக்கு?" மேடம் மகன் பக்கம் திரும்பினாள். "அந்த மணி என்னன்னு உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சதாலதான் கழட்டினீங்க. தங்கச்சி வந்து ஊசி போட்டுட்டுப் போயாச்சு. அப்பாவுக்கோ மறதி. 'இன்னைக்கு ஊசி போடலையேப்பா'ன்னு பெத்த பிள்ளை சொன்னா, சட்டையைத் தூக்கிக் காட்டாம என்ன பண்ணுவார்? ரெண்டாவது ஊசியையும் போட்டு, தூங்க விடுங்கன்னு சொல்லிக் கதவைச் சாத்தினா வேலை முடிஞ்சுது. ஷூ இல்லாம இந்த நாய் யார்கிட்டப் போய்ச் சொல்லும்னு நெனச்சீங்க. அது பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடன் வாங்கிட்டு வரும்னு நெனைக்கல."

"கதை!" என்றான் அவன். குரல் கீச்சிட்டது. "நாய் சாட்சின்னு போய் கோர்ட்ல சொல்லுங்க. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார்," என்றான் பம்பரம். "உங்களுக்கு அன்னைக்குச் சிரிப்பு வருதான்னு பாப்போம்."

அண்ணன் ஃபைலை இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான். பம்பரம் வழியை மறித்து நின்றான். நாயும் வந்து பம்பரத்தின் காலை ஒட்டி நின்றது. இந்தத் தடவை அவன் யார் முதுகுக்குப் பின்னாலும் போகவில்லை.

"போதும்," என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் ஊசியோட இந்த ரூமுலேர்ந்து வெளிய வந்ததை நான் பாத்தேன். பாப்பா போட்டதைத்தான் குப்பையில போட எடுத்துட்டுப் போறான்னு நெனச்சேன். நாய் வந்து என் துணியைப் பிடிச்சு இழுத்துச்சு. வாயில ஷூ இல்ல. வெளயாடுதுன்னு விரட்டிட்டேன். அப்புறம் பின்னாடி குலைச்சதையும் பெருசா எடுத்துக்கல. விடிஞ்சு பாத்தா, படியில அந்த ஷூ. ஸ்டாண்டைப் பாத்தேன், காலி. அப்பவே எல்லாம் புரிஞ்சு போச்சு."

"அம்மா!" என்று கத்தினான் மகன். "உனக்கென்ன பைத்தியமா?"

மகள் மெல்ல எழுந்தாள்.

"அன்னைக்குக் காலையிலேயே தெரியுமா?"

"ம்."

"தினமும் உன் மடியில தலையை வச்சு, நான் கொன்னுட்டேன்மா, நான் கொன்னுட்டேன்மான்னு அழுதேனே. தலையைத் தடவிக் குடுத்தியே."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

"அவன் உள்ள போனா செத்துடுவான்டி. சின்னதுலேர்ந்தே அவனால எதையும் தாங்க முடியாது. நீ அப்படி இல்ல. எது வந்தாலும் தாங்கிப்பே. அதனாலதான் பேசாம இருந்தேன்."

பம்பரத்துக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கொலை செய்தவன் மேல் வந்த ஆத்திரத்தைவிட அந்த நிமிஷம் இந்தத் தாயின் மேல்தான் அதிகமாக வந்தது. அவள் அழுவதைப் பார்த்தால் அதற்கும் மனசு வரவில்லை.

"சரிம்மா," என்றாள் மகள். "நான் கொல்லலைன்னு உன் வாயால ஒரே ஒரு தடவை சொல்லு. எனக்கு அது போதும்."

அம்மா வாயைத் திறந்தாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் திரும்பி மகனைத்தான் பார்த்தாள். அவன் தலையை வேகமாக ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மகள் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போலீசைக் கூப்பிடுங்க மேடம். அம்மா சொன்னது எல்லாத்தையும் நான் கேட்டேன். கோர்ட்ல நான் வந்து சொல்றேன்."

"பாப்பா, வேண்டாம்டி," என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். "வீட்டுல ஒருத்தர்கூட இல்லாமப் போயிடும்டி."

அவள் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டாள்.

"பரவால்லம்மா. நான் எது வந்தாலும் தாங்கிப்பேன்னு நீதானே சொன்னே. இதையும் தாங்கிக்கறேன்."